5.4 விநாடியா, 3.9 விநாடியா? கட்டடம் விழுந்த வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தால் எதைக் கண்டுபிடிக்கலாம், எதை முடியாது?

நியூயார்க் உலக வர்த்தக மையம் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது இரட்டைக் கோபுரங்கள்தான். ஆனால் 2001 செப்டம்பர் 11 அன்று அதே வளாகத்தில் மூன்றாவதாக ஓர் உயரமான கட்டடமும் விழுந்தது. அதன் மேல் எந்த விமானமும் மோதவில்லை. காலையில் கோபுரங்கள் விழுந்தன, இது விழுந்தது மாலையில். பெயர், உலக வர்த்தக மையம் 7. சுருக்கமாக 'பில்டிங் செவன்'.

யூடியூபிலோ வாட்ஸ்அப்பிலோ இதன் வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். சில விநாடிகள் ஓடும் கிளிப். 47 மாடிக் கட்டடம் அப்படியே நேராக இறங்கிப் போகும். கூடவே ஒரு வரி: 'இது வெடி வைத்துத் தகர்த்ததுதான், கண்ணால் பார்த்தாலே தெரியுதே!'

கண்ணால் பார்த்தால் தெரியுமா? ஃப்ரேம் ஃப்ரேமாக அளந்து பார்த்தால் தெரியுமா? இந்தக் கேள்வியில் ஒரு பள்ளி ஆசிரியர் அமெரிக்க அரசு நிறுவனத்தோடு மல்லுக்கு நின்று, இறுதி அறிக்கையில் ஒரு முக்கியமான பகுதி சேரக் காரணமானார். அந்தக் கதையையும், வீடியோவை அளப்பது எப்படி என்பதையும் பார்க்கலாம்.

முதலில், அன்று என்ன நடந்தது?

காலை 10.28 மணிக்கு வடக்குக் கோபுரம் சரிந்தது. அதன் இடிபாடுகள் சுமார் 110 மீட்டர் தள்ளியிருந்த 7-ம் கட்டடத்தின் மேல் விழுந்து, பல மாடிகளில் தீப்பிடித்தது. கீழ் 20 மாடிகளுக்கான ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் வர வேண்டியது நகரின் குடிநீர்க் குழாய்களில் இருந்து. அந்தக் குழாய்கள் உடைந்துபோயிருந்தன. 7 முதல் 9 வரையிலும், 11 முதல் 13 வரையிலும் உள்ள மாடிகளில் தீ அணைக்க ஆளில்லாமல் எரிந்துகொண்டே இருந்தது.

உள்ளே இருந்தவர்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். பிற்பகலில் கட்டடத்தின் ஒரு மூலை புடைத்திருப்பதைப் பார்த்த தீயணைப்புத் துறையினர், இது விழலாம் என்று முடிவுசெய்து சுற்றியிருந்த பகுதியைக் காலி செய்தார்கள். சுமார் 7 மணி நேரம் எரிந்த கட்டடம், மாலை 5.20 மணிக்குச் சரிந்தது. இந்தக் கட்டடம் விழுந்ததில் உயிரிழப்பு இல்லை.

தீயால் மட்டுமே ஓர் உயரமான கட்டடம் முழுசாக விழுந்தது என்பதற்கு அதுவரை உதாரணமே இல்லை. அதனால்தான் சந்தேகமும் கிளம்பியது. விசாரித்தது அமெரிக்க அரசின் தேசிய தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம். சுருக்கமாக 'நிஸ்ட்'.

வீடியோவில் வேகத்தை எப்படி அளப்பது?

இதற்குப் பெரிய லேப் தேவையில்லை. பிளஸ் ஒன் இயற்பியல் போதும்.

வீடியோ என்பது வரிசையாக ஓடும் போட்டோக்கள். விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் 0.033 விநாடி. ஆக, ஃப்ரேம்தான் நம் கடிகாரம்.

அடுத்து ஸ்கேல். நீளம் தெரிந்த ஏதாவது ஒன்று ஃப்ரேமுக்குள் வேண்டும். கட்டடம் என்றால் மாடிகளின் உயரம் வரைபடத்தில் இருக்கும். பத்து மாடிகளின் உயரம் வீடியோவில் எத்தனை பிக்சல் என்று எண்ணினால், ஒரு பிக்சல் எத்தனை மீட்டர் என்பது கிடைத்துவிடும்.

பிறகு கூரையின் விளிம்பில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஃப்ரேமிலும் அது எங்கே இருக்கிறது என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்ய 'டிராக்கர்' மாதிரி இலவச மென்பொருள்களே இருக்கின்றன.

எதோடு ஒப்பிடுவது? கீழே எந்தத் தடையும் இல்லாமல் விழும் பொருளின் கணக்கோடு. காற்றின் தடையை விட்டுவிட்டால், அது ஒவ்வொரு அரை விநாடியிலும் இறங்கும் தூரம் இப்படி இருக்கும்:

- முதல் அரை விநாடி: 1.2 மீட்டர்
- இரண்டாவது: 3.7 மீட்டர்
- மூன்றாவது: 6.1 மீட்டர்
- நான்காவது: 8.6 மீட்டர்

ஒவ்வொரு முறையும் சுமார் 2.45 மீட்டர் கூடுகிறது. நீங்கள் அளந்த கட்டடம் இதே கணக்கில் இறங்கினால், அந்த நேரத்தில் கீழிருந்து அதைத் தாங்கிப் பிடிக்க எதுவுமே இல்லை என்று அர்த்தம். இதைவிட மெதுவாக இறங்கினால், ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. இதுதான் 'தடையற்ற வீழ்ச்சி' சர்ச்சையின் அடிப்படை.

சண்டை எங்கே வந்தது?

2008 ஆகஸ்ட் மாதம் நிஸ்ட் தன் வரைவு அறிக்கையை வெளியிட்டது. வடக்குப் பக்கச் சுவரின் மேல் 18 மாடிகள் வீடியோவில் பார்வையிலிருந்து மறைய 5.4 விநாடி ஆனது என்றது. அதே தூரத்தைத் தடையில்லாமல் கடக்க 3.9 விநாடி போதும். ஆக, 40 சதவீதம் கூடுதல் நேரம். தடை இருந்திருக்கிறது, கணக்கு முடிந்தது என்பதுபோல் இருந்தது அறிக்கை.

டேவிட் சாண்ட்லர் என்ற உயர்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் இதை ஏற்கவில்லை. அதிகாரப்பூர்வ விளக்கத்தை மறுக்கும் அணியைச் சேர்ந்தவர் அவர். வீடியோவைத் தானே ஃப்ரேம் வாரியாக அளந்து, சுமார் இரண்டரை விநாடிக்கு இந்தக் கட்டடம் கிட்டத்தட்ட முழுப் புவியீர்ப்பு முடுக்கத்தில் இறங்கியிருக்கிறது என்று காட்டினார். பொதுமக்கள் கேள்வி கேட்க நிஸ்ட் நடத்திய கூட்டத்தில் இதையே கேள்வியாகவும் வைத்தார்.

2008 நவம்பரில் இறுதி அறிக்கை வந்தது. இந்த முறை நிஸ்ட் வீழ்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்திருந்தது:

- முதல் 1.75 விநாடி: மெதுவாக, சுமார் 2 மீட்டர் மட்டும் இறங்கியது.
- அடுத்த 2.25 விநாடி: முழுப் புவியீர்ப்பு முடுக்கத்தில், சுமார் 8 மாடி, அதாவது 32 மீட்டர்.
- கடைசி 1.4 விநாடி: மீண்டும் தடை. முடுக்கம் குறைந்தது.

ஆசிரியர் சொன்ன தடையற்ற வீழ்ச்சி இப்போது அரசு அறிக்கையிலேயே இருந்தது.

அப்படியென்றால் யார் சொன்னது சரி?

எண்களைப் பொறுத்தவரை, இரண்டுமே சரி. தாம்பரத்தில் இருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் போகிறீர்கள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். ஆனால் நடுவில் ரயில் எவ்வளவு வேகத்தில் பறந்தது என்பதை அந்தச் சராசரி சொல்லாது.

5.4 விநாடி என்பது சராசரி. அதில் முதல் 1.75 விநாடி கிட்டத்தட்ட அசையாமல் இருந்ததும் சேர்த்தி. தடையில்லாமல் விழுந்திருந்தால் அந்த நேரத்தில் 15 மீட்டர் இறங்கியிருக்க வேண்டும், இறங்கியதோ 2 மீட்டர். சராசரியை மட்டும் காட்டினால் நடுவில் இருக்கும் தடையற்ற வீழ்ச்சி மறைந்துவிடும். நடுப் பகுதியை மட்டும் காட்டினால் முன்னும் பின்னும் இருந்த தடை மறைந்துவிடும்.

இங்கே இன்னொரு சிக்கல், ஸ்டாப் வாட்ச்சை எப்போது அழுத்துவது என்பது. கூரை விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பிக்சலின் நிறம் மாறிய கணத்தை நிஸ்ட் தொடக்கமாக எடுத்துக்கொண்டது. அது ரொம்ப சீக்கிரம், கட்டடம் அப்போது இறங்கவே தொடங்கவில்லை என்பது சாண்ட்லர் தரப்பின் வாதம். தொடக்கப் புள்ளியை ஒரு விநாடி நகர்த்தினாலே '40 சதவீதம்' என்ற எண் மாறிவிடும். ஆனால் நடுப் பகுதியின் முடுக்கம் மாறாது. அதை எந்தப் பக்கத்தில் இருந்து அளந்தாலும் அதே விடைதான். அதனால்தான் நிஸ்ட்டும் அதை ஒப்புக்கொண்டது.

தடையில்லாமல் விழுந்தால் வெடி என்று அர்த்தமா?

இங்கேதான் நிறைய பேர் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

அளவு சொல்வது இவ்வளவுதான்: 2.25 விநாடிக்கு வெளிச்சுவருக்குக் கீழே தாங்கும் சக்தி எதுவும் மிச்சமில்லை. ஏன் இல்லை என்பதை அது சொல்லாது. அதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன.

ஒன்று, தூண்களை வெடி வைத்து ஒரே நேரத்தில் அறுத்திருக்கலாம்.

இரண்டாவது, நிஸ்ட் சொல்வது. தீயின் சூட்டில் நீளமான இரும்பு பீம்கள் விரிவடைந்து, 13-வது மாடியில் ஒரு முக்கியமான கர்டரை அது உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து தள்ளிவிட்டன. அந்தத் தளம் கீழே விழ, அடுத்தடுத்த தளங்களும் 5-வது மாடி வரை விழுந்தன. பக்கவாட்டில் பிடிப்பு இல்லாமல் போன 79-ம் எண் தூண் வளைந்து மடங்கியது. பக்கத்துத் தூண்களும் வரிசையாகப் போயின. உள்ளே எல்லாம் சரிந்த பிறகு, வெறும் கூடாக நின்ற வெளிச்சுவரின் தூண்களும் கீழ்ப்பகுதியில் மடங்கின.

பிளாஸ்டிக் ஸ்கேலை மேசையில் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் தாங்கும். ஒருமுறை வளைந்துவிட்டால் அதன் தாங்கும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும், கை சட்டென்று இறங்கிவிடும். முதல் 1.75 விநாடி என்பது அந்த வளையும் நேரம், அடுத்த 2.25 விநாடி என்பது வளைந்த பிறகு, கடைசிக் கட்டம் கீழே குவிந்த இடிபாடுகளில் மோதும்போது வந்த தடை என்பது நிஸ்ட்டின் விளக்கம்.

இரண்டு விளக்கங்களுமே நடுவில் தடையற்ற வீழ்ச்சி இருக்கும் என்றுதான் சொல்கின்றன. எனவே அதை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. வேறு தடயம் வேண்டும். அந்தத் தடயங்களில் இரண்டு, அதே வீடியோக்களில்தான் இருக்கின்றன.

வைரல் கிளிப்பில் வெட்டப்பட்ட 7 விநாடிகள்

கட்டடத்தின் மொட்டைமாடியில் கிழக்குப் பக்கம் ஒரு சிறிய கட்டுமானம் இருந்தது. அதைக் கிழக்கு பெண்ட்ஹவுஸ் என்கிறார்கள். முழு வீடியோவைப் பார்த்தால், வெளிச்சுவர் இறங்கத் தொடங்குவதற்குச் சுமார் 7 விநாடிக்கு முன்பே இந்தப் பெண்ட்ஹவுஸ் உள்ளே அமிழ்ந்து காணாமல் போவது தெரியும். அது நின்ற இடத்துக்கு நேர் கீழேதான் 79-ம் தூண் இருக்கும் பகுதி.

அதாவது, நாம் 'விழுகிறது' என்று பார்க்கும் கணத்துக்கு முன்பே கட்டடத்தின் உட்புறம் ஒரு மூலையில் சரிந்துவிட்டது. 'எல்லாத் தூண்களும் ஒரே கணத்தில் போயின' என்ற வாதத்துக்கு இந்த 7 விநாடி ஒரு பெரிய இடைஞ்சல். பல வைரல் கிளிப்களில் இந்தப் பகுதி இருக்காது. சுவர் இறங்கும் இடத்தில் இருந்துதான் தொடங்கும்.

'கட்டடம் தன் இடத்துக்குள்ளேயே நேராக விழுந்தது' என்பதும் கேமரா கோணத்தால் வரும் தோற்றம்தான். வடக்கில் இருந்து எடுத்த வீடியோவில், கேமராவை நோக்கி வரும் அசைவும் விலகிப் போகும் அசைவும் தெரியாது. உண்மையில் இடிபாடுகள் தெருவைத் தாண்டி, பக்கத்தில் இருந்த ஃபிட்டர்மேன் ஹால் என்ற கல்லூரிக் கட்டடத்தை மோசமாகச் சேதப்படுத்தின. பிறகு அதை இடிக்க வேண்டியதாயிற்று.

படத்தை விடுங்கள், சத்தம் எங்கே?

2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டா இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட வீடியோவை ஞாபகப்படுத்திப் பாருங்கள். மாதக்கணக்கில் தயாரிப்பு, சுமார் 3,700 கிலோ வெடிபொருள். கட்டடம் அசைவதற்கு முன்பே வரிசையாக வெடிச் சத்தம், பளிச்சென்று தூசு வெளியே பீய்ச்சுவது எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். சென்னை மவுலிவாக்கத்தில் 2016 நவம்பர் 2 அன்று 11 மாடிக் கட்டடத்தைத் தகர்த்தபோதும் அப்படித்தான்.

79-ம் தூணை மட்டும் அறுக்கத் தேவையான மிகக் குறைந்த வெடிபொருளை வைத்தாலும், அரை மைல் தூரத்திலேயே 130 முதல் 140 டெசிபல் சத்தம் கேட்டிருக்கும் என்று நிஸ்ட் கணக்கிட்டது. அப்படி ஒரு சத்தம் அன்றைய வீடியோக்களின் ஒலிப்பதிவில் இல்லை, நேரில் பார்த்தவர்களும் சொல்லவில்லை என்பது அதன் முடிவு. சத்தம் வராத தெர்மைட் பயன்படுத்தியிருக்கலாம் என்று மறுதரப்பு சொல்கிறது. யாருக்கும் தெரியாமல் எப்படி அவ்வளவு தெர்மைட்டை ஒவ்வொரு தூணிலும் பொருத்துவது, 7 மணி நேரத் தீயில் அது எப்படித் தாங்கியது என்ற கேள்விகளுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

'விழுவதற்கு முன்பே பிபிசி சொல்லிவிட்டது' என்ற கிளிப்?

அதுவும் உண்மையான வீடியோதான். கட்டடம் விழுந்துவிட்டது என்று பிபிசி செய்தியாளர் நேரலையில் சொல்லும்போது, அவருக்குப் பின்னால் ஜன்னலில் கட்டடம் நிற்கிறது. ஃப்ரேம் நிரூபிப்பது, செய்தி தவறு என்பதை. 'முன்கூட்டியே தெரிந்திருந்தது' என்பதை அல்ல. கட்டடம் விழும் என்று தீயணைப்புத் துறையினர் மதியத்தில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது 'விழுந்துவிட்டது' என்று மாறி, செய்தி நிறுவனம் வழியாகப் பரவிவிட்டது.

எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டதா?

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிஸ்ட்டின் கம்ப்யூட்டர் மாதிரியில் வெளிச்சுவர் உள்நோக்கி மடங்குவது, வீடியோவில் தெரிவதைவிட அதிகமாக இருக்கிறது என்பது விமர்சகர்கள் வைக்கும் முக்கியமான குறை. அந்த மாதிரியின் சில தரவுக் கோப்புகளை, பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிஸ்ட் வெளியிட மறுத்தது. வெளியே இருப்பவர்கள் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க வழியில்லை. சந்தேகத்துக்கு இதைவிட நல்ல தீனி வேண்டுமா?

2020-ல் அலாஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் லீராய் ஹல்சி தலைமையிலான ஆய்வு, தீ காரணமில்லை, கிட்டத்தட்ட எல்லாத் தூண்களும் ஒரே நேரத்தில் செயலிழந்தன என்றது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, அதிகாரப்பூர்வ விளக்கத்தை எதிர்க்கும் பொறியாளர்கள் அமைப்பு. தூண்களைச் செயலிழக்கச் செய்தது எது என்பதை ஆய்வு சொல்லவில்லை.

ஒரு விஷயம் மட்டும் மாறிவிட்டது. 'தீயால் உயரமான கட்டடம் விழாது' என்று இனி சொல்ல முடியாது. 2017 ஜனவரி 19 அன்று ஈரான் தலைநகர் தெஹ்ரானில் 17 மாடி பிளாஸ்கோ கட்டடம் தீப்பிடித்து, டிவி கேமராக்கள் முன்னாலேயே சரிந்தது. பல தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

நீங்கள் அளக்கும்போது எங்கே தப்பு வரும்?

அடுத்த முறை ஏதாவது கட்டடமோ பாலமோ விழுந்த கிளிப்பும், கூடவே ஒரு 'ஆதார'மும் உங்கள் போனுக்கு வரும்போது இவற்றைப் பாருங்கள்:

ஃப்ரேம் ரேட்: முடுக்கத்தின் கணக்கில் நேரம் இருமடியாக வருகிறது. 30 ஃப்ரேம் வீடியோவை 25 என்று நினைத்து அளந்தால், 9.8 வர வேண்டிய இடத்தில் 6.8 வரும். 25-ஐ 30 என்று நினைத்தால் 14-ஐத் தாண்டும். சமூக ஊடகங்களில் ஏற்றி இறக்கிய வீடியோவில் ஃப்ரேம்கள் விடுபட்டோ இரட்டித்தோ இருக்கலாம். யாரோ ஸ்லோமோஷன் போட்டிருக்கலாம். அசல் கோப்பு இல்லாமல் அளப்பதில் அர்த்தமில்லை.

ஸ்கேல்: நீளத்தை 5 சதவீதம் தப்பாக எடுத்தால் விடையும் 5 சதவீதம் தப்பாகும். 'சுமாராக ஒரு மாடி பத்தடி' என்று குத்துமதிப்பாகப் போடக் கூடாது.

கேமரா: டிரைபாடில் நின்றதா, கையில் ஆடியதா? பின்னணியில் அசையாத ஒரு பொருள் தெரிந்தால், ஆட்டத்தைக் கழித்துக்கொள்ளலாம். கீழிருந்து அண்ணாந்து எடுத்த வீடியோவில் மேல்மாடிகள் சின்னதாகத் தெரியும். ஒரே ஸ்கேல் எல்லா உயரத்துக்கும் பொருந்தாது.

தொடக்கமும் முடிவும்: கிளிப் எங்கே தொடங்குகிறது? அதற்கு முந்தைய ஒரு நிமிடம் எங்கே? முழு வீடியோ கிடைக்கும் வரை முடிவுக்கு வர வேண்டாம்.

எண்ணா, காரணமா? 'இவ்வளவு வேகத்தில் விழுந்தது' என்பது அளவு. 'அதனால் இன்னார்தான் செய்தார்' என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் வேறு எந்த விளக்கமும் பொருந்தாது என்று காட்டியிருக்கிறார்களா?

இதெல்லாம் எதற்கு?

7-ம் கட்டடம் விழுந்ததில் இருந்து வந்த பாடம், சூட்டில் பீம்கள் விரிவடைவதையும் கட்டட வடிவமைப்பில் கணக்கிட வேண்டும் என்பது. ஒரு மூலையில் ஒரு தூண் போனால் முழுக் கட்டடமும் போகாதபடி கட்ட வேண்டும் என்பதும்தான். உயரமான கட்டடங்களில் வேலை பார்க்கும், குடியிருக்கும் எல்லோருக்குமே இது முக்கியம்.

மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு விபத்து நடந்தால், இறந்தவர்களின் குடும்பம் கேட்பது ஒரே கேள்விதான்: ஏன் விழுந்தது? தப்பான காரணம் முதலில் பரவிவிட்டால், தப்பான ஆள் மாட்டிக்கொள்வார், உண்மையான குறை அடுத்த கட்டடத்திலும் அப்படியே இருக்கும்.

ஓர் ஆசிரியர் வீடியோவை அளந்து கேள்வி கேட்டதால் அரசு அறிக்கையில் ஒரு பகுதி சேர்ந்தது. அளந்து கேட்டதுதான் அதன் பலம். அதே ஆசிரியரின் முடிவு ஏற்கப்படாமல் போனதற்கும், அந்த அளவு காரணம் வரை போகாது என்பதுதான் காரணம். கிளிப்பை ஃபார்வர்டு செய்வதற்கு முன் முழு வீடியோவைத் தேடுங்கள். 7-ம் கட்டடத்தின் விஷயத்தில், தேடிப் பார்க்க வேண்டியது வெறும் 7 விநாடிதான்.